கடைசித் தூண் யாருக்கு?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார் என்று ஆரம்பித்தால், எந்த ஊர் ராஜா, எந்த வருஷம் என்று மடக்குகிற ஆட்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊர்ப் பெயர் எனக்குத் தெரியாது. அங்கே ஒரு ஆறு ஓடியது, ஐப்பசி வந்தால் மழை பெய்தது, ராஜாவுக்குப் பாட்டென்றால் உயிர். நம் கதைக்கு இவ்வளவு போதும்.

ராஜாவின் பெயர் உதயபூபதி. சண்டை சச்சரவு பிடிக்காத மனிதர். பக்கத்து நாட்டான் எல்லைக் கல்லை இரண்டடி நகர்த்தி வைத்தால்கூட, "போகட்டும், அங்கே கள்ளிதானே முளைக்கிறது" என்று விட்டுவிடுவார். ஆனால் பாடுகிறவர் சுருதி தப்பினால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவருக்குத் தலை நரைத்தபோது ஓர் ஆசை வந்தது. நாட்டில் பாடிப் பேர் வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு மண்டபம் கட்ட வேண்டும், தூணுக்கு ஒருவராகச் சிலை வைக்க வேண்டும், அவர்கள் பெயர் என்றைக்கும் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அரண்மனைக்குள் அவருடைய அப்பா காலத்துச் சபா மண்டபம் ஒன்று இருந்தது. பழசு. அதை இடித்துவிட்டு அதே இடத்தில் புது மண்டபத்தை எழுப்பினார்கள். கருங்கல் தூண், தேக்கு உத்தரம், மேலே செக்கச் செவேலென்று புது ஓடு. வேலையை முன்னின்று நடத்தியவர் மந்திரி அனந்தவீரர். "பிரபு, கடலே கவிழ்ந்தாலும் இந்தக் கூரையில் ஒரு சொட்டு இறங்காது" என்று ராஜாவைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ராஜா தூங்கும்போது மட்டும்தான் சொன்னதில்லை.

தூண்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது முதலில் சுலபமாகவே நடந்தது. பாட்டன், முப்பாட்டன் காலத்து வித்துவான்களை ஒவ்வொருவராகச் சொன்னார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். யாருமே கேட்டிராத பாட்டில் யார் குற்றம் கண்டுபிடிக்க முடியும்? கடைசியாக ஒரே ஒரு தூண் மிஞ்சியது. மண்டபத்தின் நடுவில், ராஜாவின் ஆசனத்துக்கு நேர் எதிரே இருந்த தூண்.

"இது நம் காலத்தில் பாடிய ஒருவருக்கு" என்றார் ராஜா. அன்றைக்குப் பிடித்தது சனி.

ஆஸ்தான வித்துவான் வாகீசர் எழுந்து, அந்தத் தூண் தன் குருநாதருக்கே உரியது என்றார். சொல்லிவிட்டு, "குருநாதரின் முகச்சாயல் அப்படியே எனக்கு இருப்பதாகச் சொல்வார்கள்" என்று சிற்பியின் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டவும் செய்தார். வீணை வித்துவான் சோமநாதர் விடுவாரா? தன் தந்தைக்குத்தான் தூண் என்றார்.

"தங்கள் தந்தை கச்சேரிக்கு என்றைக்காவது நேரத்துக்கு வந்ததுண்டா?" என்றார் வாகீசர்.

"தங்கள் குருநாதருக்கு மேல் ஸ்தாயியில் குரல் கம்மும். ஊருக்கே தெரியும்" என்றார் சோமநாதர்.

"பாடினால் மட்டும் போதுமா? சீடர்களை உருவாக்க வேண்டாமா?"

"உருவாக்கினார், இல்லை என்று சொல்லவில்லை. தங்களைப் பார்த்தால், அதற்காகவே அவருக்குத் தூண் கொடுக்கக் கூடாது என்று தோன்றுகிறது."

அவ்வளவுதான். வாகீசர் இருக்கும் மேடையில் சோமநாதர் ஏற மாட்டார், சோமநாதர் வாசிக்கும் சபையில் வாகீசர் வாய் திறக்க மாட்டார் என்றாகிவிட்டது. மிருதங்கக்காரர்கள் ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்தார்கள். இசைக்கு மண்டபம் கட்டப் போய் அரண்மனையில் இசையே நின்றுபோனது. மண்டபத்தை யாரும் திறப்பதும் இல்லை. தூணுக்குத் தூண் மகாவித்துவான்கள் கல்லாக நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா சாயங்காலங்களில் நந்தவனத்தில் தனியாக நடந்தார், ராத்திரியில் பழைய பாட்டுகளைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். பாவம், அவருக்கு ஞானம் உண்டே தவிர குரல் கிடையாது.

ஒரு நாள் சபையில் ராஜாவே பேச்சை எடுத்தார்.

"நான் இளவரசனாக இருந்தபோது, பழைய மண்டபத்தில், ஒரு ஐப்பசி மாலை. ஆனந்தபைரவியில் ஒரு பதம். ஆற்றங்கரையில் ஒருத்தி காத்திருப்பதாக வருமே, அது. அதன் பிறகு எத்தனையோ கேட்டுவிட்டேன், அதைப் போல ஒன்று கேட்கவில்லை. பாட்டு நெஞ்சில் இருக்கிறது. பாடியவர் முகம்தான் எவ்வளவு யோசித்தும் வர மாட்டேன் என்கிறது. அன்று பாடியவர் யாரோ, அவருக்கே இந்தத் தூண்."

"என் குருநாதர்!" என்றார் வாகீசர்.

"என் தந்தையார்!" என்றார் சோமநாதர்.

"பிரபு மன்னிக்க வேண்டும். அன்று பாடியவர் என் மாமனார்" என்றார் மந்திரி அனந்தவீரர். அதுவரை அவருடைய மாமனார் பாடுவார் என்றே சபையில் யாருக்கும் தெரியாது.

ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அப்போது சபையின் கோடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. விகடகவி பிச்சாண்டி.

பிச்சாண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்ன சொல்லைச் சொன்னபடியே செய்து சொன்னவரை மாட்டிவிடுவது அவன் வழக்கம். ஒரு தடவை மந்திரி கோபத்தில், "இனி என் கண்ணில் படாதே" என்று கத்திவிட்டார். அதிலிருந்து மந்திரி எதிரே வரும்போதெல்லாம் பிச்சாண்டி ஓடிப்போய் ஒரு விசிறியால் அவர் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பான். மந்திரி தூணில் முட்டிக்கொண்ட பிறகுதான் அந்த உத்தரவு வாபஸ் ஆனது. ராஜா இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். அதனாலேயே மற்றவர்களுக்கு அவனைக் கண்டால் ஆகாது. இரண்டு கட்சிக்காரர்களும் அந்த நாட்களில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"ஏன் சிரிக்கிறாய், பிச்சாண்டி?" என்றார் ராஜா.

"ஒரே பாட்டை ஒரே மாலையில் மூன்று பேர் பாடியிருக்கிறார்கள், மகாராஜா. கேட்டவர் நீங்கள் கொடுத்து வைத்தவர்."

வாகீசருக்குச் சுருக்கென்றது. "இவ்வளவு பேசுகிறவர், யார் பாடினார் என்று தாமே நிரூபிக்கட்டுமே, பிரபு! அந்த மாலையை அப்படியே இங்கே கொண்டுவந்து நிறுத்தட்டும். பாடியவர் யார் என்று தாங்களே பார்த்துக்கொள்ளலாம்."

மந்திரி அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "இந்த ஐப்பசி முடிவதற்குள் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பிச்சாண்டி குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட வேண்டும். திரும்பி வரக்கூடாது."

ராஜா இதை ஒரு விளையாட்டுப் பேச்சாகத் தள்ளிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் தள்ளவில்லை. ஆசனத்தின் நுனிக்கு வந்து, "முடியுமா, பிச்சாண்டி?" என்று கேட்டார். "அந்த மாலையை ஒரே ஒரு தடவை கொண்டுவந்து காட்டுவாயா?"

பசித்தவன் சோறு கேட்கிற குரல் அது. பிச்சாண்டிக்கு வேடிக்கை பேச வாய் வரவில்லை.

"கொண்டுவருகிறேன், மகாராஜா. ஆனால் அரண்மனையில் எதைத் தொடவும், எடுக்கவும், நகர்த்தவும் எனக்கு அனுமதி வேண்டும்."

"கொடுத்தேன். என் கிரீடத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்."

"அது என் தலையில் நிற்காது, மகாராஜா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் அவன் மனைவி குழலி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

"போன மாலை எங்கேயாச்சும் திரும்பி வருமா? போனது போனதுதானேங்க! உங்க வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா? செவலை இந்த மாசக் கடைசியில கன்னு போடுற மாதிரி நிறைசினையா நிக்குது. அதை எப்படிங்க ஆத்தைத் தாண்டி ஓட்டிட்டுப் போறது? வெள்ளம் வந்துட்டா தாயும் போச்சு கன்னும் போச்சு."

"போக வேண்டி வராது."

"இப்படித்தான் கூரையை மாத்துறேன்னு சொன்னீங்க. போன மழைக்கு வீடு பூரா சட்டி வெச்சுப் பார்த்தோம், சட்டிதான் பத்தல. எல்லாரும் அடுப்படியில ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு உட்கார்ந்தோமே, மறந்து போச்சா?" என்றாள். அவன் மறக்கவில்லை.

மறுநாள் பிச்சாண்டி விசாரிக்கக் கிளம்பினான். முதலில் வாகீசர்.

"சந்தேகமே வேண்டாம், ஓய். பாடியவர் என் குருநாதர். நான் அப்போது சின்னப் பையன், பின்னால் உட்கார்ந்து தம்பூரா போட்டேன். பழைய மண்டபம் அல்லவா? முதுகெல்லாம் ஒரே ஒழுகல். குருநாதர் தலையைத் துவட்ட ஒரு காய்ந்த துணிக்கு நான் பட்ட பாடு!"

அடுத்து சோமநாதர். "என் தந்தையார் வீணையை வைத்துவிட்டு வாயால் பாடிய நாள் அது ஒன்றுதான். வீணைமேல் தண்ணீர் சொட்டியது. நான் என் வேட்டியை அவிழ்த்து வீணைக்குச் சுற்றிவிட்டேன். கோவணத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர், ஐயா."

மந்திரி அனந்தவீரர், "என் மாமனார் பொழுதுபோக்குக்குத்தான் பாடுவார், ஆனாலும் என்ன கனமான குரல்!" என்று கண்ணை மூடினார். "அன்று நான் புதுப் பட்டு உடுத்தியிருந்தேன். மேலே ஓடெல்லாம் ஓட்டை. பட்டுச் சாயம் போய் என் உடம்பு முழுக்க ஊதா. அதை நினைத்துத்தான் புதுக் கூரையில்..."

"ஒரு சொட்டு இறங்காது. தெரியும்" என்று எழுந்துகொண்டான் பிச்சாண்டி.

கடைசியாக மகாராணி பெரியநாயகியிடம் போனான். அந்த ஐப்பசியில் அவர் மணமாகி வந்த புதிது.

"பாடியவரையா? நான் பார்க்கவில்லையே, பிச்சாண்டி" என்றார் ராணி. "என் பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அது மட்டும் நேற்று விழுந்தது போல இருக்கிறது." சொல்லும்போது அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஏனோ சிரித்துக்கொண்டார்.

பிச்சாண்டி வீட்டுக்கு வந்து ஏணி எங்கே என்று கேட்டான்.

"யார் பாடினாங்கன்னு தெரிஞ்சுதா?" என்றாள் குழலி.

"பாடினது யாருன்னு கேட்டா ஆளுக்கொரு பேரைச் சொல்றாங்க. ஒழுகினதை மட்டும் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க, குழலி."

அரண்மனையில் மதிய வேளை என்பது உண்ட மயக்கத்தின் வேளை. அன்று மதியம் பிச்சாண்டி ஓடு வேய்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு புது மண்டபத்தின் மேல் ஏறினான். நடுத்தூணுக்கு மேலே கொஞ்சம் இடத்தை விட்டுவிட்டு, சுற்றிலும் அங்கே ஒன்று இங்கே ஒன்றாக ஓடுகளைக் கழற்றச் சொன்னான். ஆட்கள் தயங்கினார்கள். "கிரீடத்தைத் தவிர எதையும் எடுக்கலாம் என்று உத்தரவு. இதில் கிரீடம் எங்கேயாவது தெரிகிறதா?" என்று கேட்டான். பிறகு உள்ளே, கூரைக்கு அடியில், விழாவுக்குக் கட்டுவது போல வெள்ளைத் துணியில் விதானம் கட்டினான். அண்ணாந்து பார்த்தால் துணிதான் தெரியும். கழற்றிய ஓடுகளை வண்டியில் ஏற்றி எங்கேயோ அனுப்பினான்.

எல்லாம் தயார். மழைதான் வரவில்லை.

ஐப்பசி வெயில் அந்த வருஷம் சித்திரையைப் போல அடித்தது. துலக்கி வைத்த செம்புப் பானை மாதிரி வானம் பளபளத்தது. ராஜா பார்க்கும்போதெல்லாம், "மாலை வந்துகொண்டிருக்கிறதா?" என்று கேட்பார். "கிளம்பிவிட்டது, மகாராஜா. வழியில் இருக்கிறது" என்பான் பிச்சாண்டி. வாகீசர் தெருவில் அவனை மடக்கி, "ஓய், படகுக்காரனிடம் சொல்லி வைக்கவா? பசுவுக்கும் சேர்த்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார். குழலி ஒன்றும் சொல்லாமல் சட்டி பானைகளை மூட்டை கட்டினாள். அவள் திட்டாதது அவனுக்குத் திட்டைவிட அதிகமாக உறைத்தது. மாதம் முழுக்க வேடிக்கை பேசியே காலம் தள்ளியவனுக்கு, கடைசி நாள் காலையில் செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபோது கண் கலங்கிவிட்டது.

அன்று மதியம் புழுக்கம் தாங்கவில்லை. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறின. பிச்சாண்டி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்று சாயங்காலம் எல்லோரும் இசை மண்டபத்துக்கு வந்துவிடுங்கள்" என்று அரண்மனை முழுக்கச் சொல்லச் சொன்னான்.

எல்லோரும் வந்தார்கள். அவன் தோற்பதைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். வாகீசர் கட்சி கிழக்குப் பக்கம் உட்கார்ந்தது, சோமநாதர் கட்சி மேற்குப் பக்கம். மகாராணி வழக்கம் போலத் திரைக்குப் பின்னால். ராஜா உயரத்தில் தன் ஆசனத்தில் தனியாக. நடுவில் அந்த மொட்டைத் தூண், அதைச் சுற்றி ஒரு பெரிய வெற்றிடம்.

"மாலை எங்கே, பிச்சாண்டி?" என்றார் ராஜா.

"வாசல் வரைக்கும் வந்துவிட்டது, மகாராஜா."

வெளியே இடி ஒன்று உருண்டது. மந்திரி அனந்தவீரர் இந்த வாய்ப்பை விடவில்லை. எழுந்து நின்றார். "பிரபு அஞ்ச வேண்டாம். மழை வந்தால் வரட்டும். இந்தக் கூரையில் ஒரு சொட்டு..." என்று ஆரம்பித்தபோது அவர் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். வெள்ளை விதானம் வயிறு பெருத்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். விதானம் கிழிந்தது. மந்திரி தலை முதல் கால் வரை நனைந்து நின்றார். பிறகு மண்டபம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக, தாரை தாரையாக ஒழுகத் தொடங்கியது. மகாவித்துவான்களின் கல் தலைகளில் தண்ணீர் தெறித்தது.

"துரோகம்!" என்று கத்தினார் மந்திரி. "ஓட்டைக் கழற்றியிருக்கிறான், பிரபு!"

ராஜா எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "பிச்சாண்டி! நான் கட்டிய மண்டபத்தை என்ன செய்தாய்?"

"மகாராஜா, அந்த மாலையைக் கொண்டுவரச் சொன்னீர்கள். கொண்டுவந்தேன். இந்த ஓடுகள் அதை உள்ளே விடவில்லை. அதனால் வழிவிடச் சொன்னேன்."

ராஜா சேவகர்களைக் கூப்பிடக் கையை உயர்த்தினார். உயர்த்திய கையில் தண்ணீர் கொட்டியது. ஆசனம் நனைந்தது, திரை நனைந்து சரிந்தது. மழை வெறி பிடித்தது போல அடித்தது. நனையாத இடம் ஒன்றுதான் இருந்தது, நடுத்தூணைச் சுற்றி. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ஆட்கள் அங்கே ஓடி வந்தார்கள். வித்துவான், சேவகன், தாதி, மந்திரி என்று எல்லோரும் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராஜாவும் வந்தார். சரிந்த திரையைத் தாண்டி மகாராணியும் வந்தார். மிஞ்சிய ஓர் இடம் ராஜாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

சோமநாதர் வீணையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூடுவதற்கு ஏதாவது துணி கிடைக்குமா என்று தவித்தார். வாகீசர் பார்த்தார். தன் சரிகைச் சால்வையை உருவி வீணையின்மேல் போட்டார். "வீணைக்காகத்தான்" என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மிருதங்கங்கள் ஈரம் பட்டு ஊமையாகிவிட்டன. எழுந்து போகவும் வழியில்லை, பேசவும் ஒன்றுமில்லை. மழையின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கோபமாக உட்கார்ந்திருந்த ராஜா, தன்னை அறியாமல், ராத்திரிகளில் முணுமுணுப்பது போல அந்தப் பதத்தை முணுமுணுக்கத் தொடங்கினார்.

சொன்னேனே, அவருக்குக் குரல் கிடையாது. இரண்டாவது வரியிலேயே சுருதியை விட்டு இறங்கினார். வாகீசர் பல்லைக் கடித்துக்கொண்டார். ராஜாவிடம் சுருதி தப்புகிறது என்று யார் சொல்வது? பொறுக்க முடியாமல், ராஜாவைத் தூக்கி நிறுத்துவதற்காகக் கூடவே பாடினார். ஆனந்தபைரவி எழுந்து நின்றது. பல்லவியை முடித்துவிட்டு அடுத்த வரியை அவர் எடுத்தபோது, காற்று திரும்பி, ஒரு தாரை நேராக அவர் வழுக்கையில் விழுந்தது. துள்ளி எழுந்துவிட்டார். வரி பாதியில் தொங்கியது.

பாதியில் தொங்குகிற வரியைச் சங்கீதக்காரர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது எதிரியின் வரியாக இருந்தாலும் சரி. சோமநாதரின் வாய் அதை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் யாருடைய வரி என்பது அவருக்கு உறைத்தது. அப்போது நிறுத்த முடியுமா? பாடினார். ஒரு மிருதங்கக்காரர் தொடையில் தாளம் போட்டார், எதிர்க்கட்சி மிருதங்கக்காரர் தூணில் விரலால் சேர்ந்துகொண்டார். சோமநாதர் மேல் சொட்டு விழுந்து அவர் நகர்ந்ததும் ஒரு தாதி எடுத்தாள். அவள் விட்டதும் மந்திரி அனந்தவீரரே, ஈரத்தில் நடுங்கிக்கொண்டு, ஒரு வரி பாடினார். சுமாராகத்தான் பாடினார். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஒருத்தி ஆற்றங்கரையில் காத்திருந்தாள், பாட்டு ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள்.

பாட்டு முடிந்தது.

"இதுதான்" என்றார் ராஜா. "இதே மாலைதான்."

"பாடியது யார், மகாராஜா?" என்று பிச்சாண்டி மெதுவாகக் கேட்டான்.

ராஜா சுற்றிலும் பார்த்தார். ஒருவரைக் காட்டக் கையைத் தூக்கினார், பிறகு கீழே இறக்கிக்கொண்டார்.

வாகீசர்தான் முதலில் பேசினார். "அன்றும் இப்படித்தான், பிரபு. குருநாதர் தொடங்கினார். தலையில் தண்ணீர் விழுந்ததும் நிறுத்திவிட்டார். நான் அவருக்குத் துவட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் யார் பாடினார் என்று கவனிக்கவில்லை."

"அங்கே எடுத்தவர் என் தந்தையார்" என்றார் சோமநாதர். "அதற்கு முன் யார் பாடினார் என்று நான் பார்க்கவில்லை. வேட்டியை... வீணையை மூடிக்கொண்டிருந்தேன்."

"சரணத்தில் என் மாமனார்" என்றார் மந்திரி, தலையைக் குனிந்துகொண்டு.

"அப்படியென்றால் யாருமே பொய் சொல்லவில்லை" என்றார் ராஜா. "ஆனால் நானும் அங்கேதானே இருந்தேன்? என் கண்ணுக்கு மட்டும் ஒருவர் முகமும் தெரியாமல் போனதேன்?"

"தாங்கள் எங்கே பாடுகிறவர்களைப் பார்த்தீர்கள்?" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். மகாராணி. "மணமாகி வந்த நாளிலிருந்து நான் திரைக்குப் பின்னால், தாங்கள் ஆசனத்தில். அன்று மழைதான் நம்மைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தது. என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. தாங்கள் தங்கள் உத்தரீயத்தை என் தலைக்குமேல் பிடித்தீர்கள். பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டே இருந்தீர்கள். கை வலித்திருக்கும்."

ராஜா ஈர உத்தரீயத்தைத் தோளிலிருந்து எடுத்தார். மகாராணியின் நரைத்த தலைமேல் அதைப் பிடித்தார். அப்படிப் பிடித்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். எத்தனையோ மாதங்களாக அரண்மனையில் கேட்காத சிரிப்பு அது. கண்ணில் நீர் வந்தது, அதைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"தூண் யாருக்கு, பிரபு?" என்று சிற்பி கேட்டார். அவருக்கு அவர் கவலை.

"அதில் ஒருவரையும் செதுக்க வேண்டாம்" என்றார் ராஜா. "சிலை இருந்தால் சாய்ந்து உட்கார முடியாது. அது மொட்டையாகவே இருக்கட்டும். கூரையையும் இப்படியே விட்டுவிடுங்கள்."

"மற்ற தூண்களில் இருக்கும் பெரியவர்கள் நனைவார்களே, பிரபு!" என்று மந்திரி கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"நனையட்டும். கல்லுக்குச் சளி பிடிக்காது."

மந்திரிக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. "கழற்றிய ஓடுகள் எங்கே? எல்லாம் நான் பார்த்துப் பார்த்துச் சுட வைத்த ஓடு!"

"பத்திரமாக இருக்கின்றன, ஐயா" என்றான் பிச்சாண்டி. "தரையில் அடுக்கினால் உடைந்துவிடும் என்று பயந்தேன். ஓட்டுக்குப் பழக்கமான இடம் கூரைதானே? அதனால் என் வீட்டுக் கூரையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன்."

ராஜா மறுபடி சிரித்த சிரிப்பில் தூணில் சாய்ந்துவிட்டார். "அங்கேயே இருக்கட்டும். பரிசு என்று தனியாக ஒன்று நான் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா, அல்லது அதையும் எங்காவது அடுக்கி வைத்திருக்கிறாயா?"

"என் செவலை ஆற்றைத் தாண்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகாராஜா."

ராஜா அந்த வார்த்தையைச் சொன்னார். தன் கழுத்திலிருந்த முத்துமாலையையும் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். வாகீசர் சால்வையைத் திரும்பக் கேட்கவில்லை, சோமநாதர் கொடுக்கவும் இல்லை. மறுநாளே இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள் என்று கேள்வி.

மறுநாளும் மழை விடவில்லை. செவலை கிடேரிக் கன்று போட்டிருந்தது. மூட்டையைப் பிரித்து எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் குழலி கூரையை அண்ணாந்து பார்த்தாள். புது ஓடு. மழை மேலே கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே தரை காய்ந்து கிடந்தது. மூத்த பெண் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள், சின்னவள் கூடத்துக் கோடியில். பிச்சாண்டி திண்டில் சாய்ந்திருந்தான்.

"ஒரு சொட்டுகூட விழலங்க" என்றாள் குழலி.

"விழாது. மந்திரி ஓடு."

"நல்லாத்தான் இருக்கு." பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்திருக்கோம்" என்றாள்.

பிச்சாண்டி கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். பிறகு எழுந்து ஏணியை எடுத்தான்.

அடுப்படிக்கு மேலே மட்டும் வேண்டாம் என்று குழலி சொன்னாள். அதை விட்டுவிட்டு மற்ற இடத்தில் இரண்டு ஓட்டைக் கழற்றினான்.